மாடவீதியில் நான்கு நாட்கள்

ஜனவரி வந்தால் மயிலாப்பூர் திருவிழாவுக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். மாலையில் கபாலீசுவரர் கோயில் எதிரே மேடையில் பாட்டும் கூத்தும். சுந்தரேசுவரர் தெருவில் சுடச்சுடத் தின்பண்டங்கள், நிற்க இடமில்லாத கூட்டம். காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒலிபெருக்கி இல்லாத கச்சேரி. கிளிகளும் கூடவே பாடும், தாளம் மட்டும் தப்பும்!

எனக்குப் பிடித்தது வடக்கு மாடவீதிக் கோலப் போட்டிதான். நேற்றுவரை ஆட்டோ ஓடிய தார்ச்சாலையில் பாட்டியும் பேத்தியும் அருகருகே குந்திப் புள்ளி வைக்கிறார்கள். ஆண்களும் உண்டு. சிக்குக்கோலத்தில் இழை எங்கே திரும்புகிறது என்று பார்த்தே கண் வலித்தது. செல்ஃபிக்காகக் கோலத்தை மிதிப்பவர்களுக்கு அபராதம் போடலாம்.

புத்தகப் பைத்தியங்கள் அப்படியே லஸ் பக்கம் நடந்துவிடுங்கள். ஞாயிறு மாலை யார் வருகிறீர்கள்? பஜ்ஜி என் செலவு.