கடல் வற்றும் நேரம் பார்த்து அமர்வு வைத்தோம்

ஆட்டிசம், பேச்சுத் தாமதம், கட்டுக்கடங்காத துறுதுறுப்பு என்று பலவகைச் சிரமங்கள் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு வீடியோ அழைப்பிலேயே பயிற்சி கொடுத்தால் பலன் இருக்குமா என்று கண்டறியும் ஆய்வு ஒன்றில் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்தேன். களம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை: பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி. இதே வேலையை வேறு ஊரில் தொடங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

இப்படியொரு ஆய்வு எதற்கு என்று பாம்பனில் எந்தத் தாயும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரப் பேச்சுப் பயிற்சிக்காக மதுரைக்குப் போய்வந்தவர்கள் அவர்கள். ஒரு பகல் முழுதும் பஸ்ஸிலேயே போய்விடும். பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை தீவுக்கு ரயிலே கிடையாது. ஹாரன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை நெரிசல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வாராவாரம் யாரால் போக முடியும்? பலர் சில மாதங்களிலேயே விட்டுவிட்டார்கள். "அக்கறையில்லாத பெற்றோர்" என்று அவர்களைப் பற்றி யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

முதலில் தாண்ட வேண்டியது நெறிமுறைக் குழு, அதாவது ஆய்வில் சேர்பவர்களுக்குத் தீங்கு நேராதா என்று பார்த்து அனுமதி தரும் குழு. குழந்தைகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது. 7 முதல் 12 வயது வரை குழந்தையின் வாய்மொழி இசைவு வேண்டும், அதற்கு மேல் 18 வரை எழுத்து மூலம் வேண்டும். பேச்சே வராத எட்டு வயதுக் குழந்தையிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று குழுவில் ஒருவர் கேட்டார். பதிலை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிச் சேர்த்தோம். குழந்தை போனைக் கவிழ்த்தாலோ, கேமராவைக் கையால் மூடினாலோ, எழுந்து போய் அழைத்தும் வராவிட்டாலோ அது மறுப்பு. பெற்றோர் "பரவாயில்லை, தொடருங்கள்" என்று சொன்னாலும் அன்றைய அமர்வு அத்துடன் முடியும்.

பெரியபட்டினத்தில் ஒரு சிறுவன் அமர்வு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் போனை நிதானமாக எடுத்தான், அரிசிப் பானைக்குள் வைத்தான், மூடியைப் போட்டான். எங்கள் திரை இருண்டது. அரிசி சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "சரி, தம்பி வேண்டாம் என்கிறான், இன்று போதும்" என்று பயிற்சியாளர் முடித்துக்கொண்டார். மறுநாள் பேசியபோது, தன் மகன் காட்டியதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்ட முதல் ஆள் அந்தப் பயிற்சியாளர்தான் என்று தாய் சொன்னார். அடுத்த வாரம் அவனே போனைக் கொண்டுவந்து கொடுத்தான்.

நெறிமுறைக் குழு அனுமதித்தவுடன் வேலையைத் தொடங்கிவிட முடியாது. முதல் குடும்பத்தைச் சேர்ப்பதற்கு முன்பே மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் ஆய்வைப் பதிவு செய்ய வேண்டும். ஆட்களைச் சேர்த்துவிட்டுப் பின்னால் பதிவு செய்யும் வழக்கத்துக்கு 2018 ஏப்ரல் முதல் இடமில்லை. பொறுமை வேண்டும், வேறொன்றும் இல்லை.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது குழுப் பிரிப்பு. ஒரு பகுதியினருக்கு உடனே பயிற்சி, மறு பகுதியினருக்குச் சில மாதம் கழித்து. இடையில் இரு பக்கக் குழந்தைகளையும் ஒப்பிட வேண்டும். வீடு வீடாகக் குலுக்கல் போடலாம் என்பதுதான் முதல் யோசனை. மீனவர் குடியிருப்பில் அது செல்லாது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். காலையில் ஒரு தாய்க்குச் சொல்லிக்கொடுத்தது சாயங்காலம் வலை பின்னும் இடத்தில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும், நல்லதுதான், ஒப்பீடுதான் கெட்டுவிடும். அதனால் ஊர் ஊராகக் குலுக்கினோம். தேவைப்படும் குடும்பங்களின் எண்ணிக்கை கூடியது, செலவும் கூடியது. ஆனாலும் "அந்த வீட்டுக்கு உண்டு, எனக்கில்லையா?" என்ற கேள்வி ஒரே தெருவுக்குள் எழாமல் போனது. காத்திருக்கும் ஊர்களில் அந்தக் கேள்வி எழத்தான் செய்தது. எந்த மாதத்தில் அவர்கள் முறை வரும் என்று எழுதிக் கொடுத்தோம், அந்த மாதத்தில் போய் நின்றோம்.

பயிற்சியின் அமைப்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சியைப் பார்த்துக் கற்றோம். 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கான அது 9 குழு அமர்வுகளும் 3 வீட்டு வருகைகளும் கொண்டது. விளையாட்டிலும் அன்றாட வேலையிலும் குழந்தையோடு சேர்ந்து ஈடுபடுவதுதான் அதன் உயிர். எங்களுக்கு வந்த எதிர்ப்பு பாடத்தைப் பற்றியதாக இல்லை, போனைப் பற்றியதாக இருந்தது. "டாக்டர் போனைக் காட்டாதே என்கிறார், நீங்கள் போனைக் கொண்டுவருகிறீர்களே டீச்சர்?" என்று மண்டபத்தில் ஒரு தாய் கேட்டார். கேட்டது நியாயம். 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் சொல்லியிருக்கிறது.

ஆகவே குழந்தை திரையைப் பார்க்கவே கூடாது என்று ஏற்பாட்டை மாற்றினோம். ஜன்னல் திண்டில் போன் நிற்கும். பின்பக்கக் கேமரா அறையைப் பார்க்கும், திரை சுவரைப் பார்க்கும். தாயின் ஒரு காதில் இயர்போன். பயிற்சியாளர் தாயின் காதில் மட்டும் பேசுவார்: "இப்போது பேசாதீர்கள்... அவன் உங்களைப் பார்க்கட்டும்... பார்த்துவிட்டான், இப்போது பந்தைக் கொடுங்கள்." குழந்தைக்கு அது அம்மாவோடு விளையாடும் நேரம், அவ்வளவுதான்.

நேரம் குறிப்பதற்குத்தான் நான் அதிகம் உழைத்தேன். மன்னார் வளைகுடா ஓரத்தில் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் நாட்கள்தான் சம்பாத்திய நாட்கள். அந்த நாட்களின் காலையில் அமர்வு வைத்தால் யாரும் வர மாட்டார்கள். என் மேசையில் தமிழ் நாட்காட்டி இல்லாமல் அட்டவணையே போட முடியாது என்றாகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாட அவர்களை இழுக்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் ரீசார்ஜ் செய்யக் கையில் காசிருக்காது. அமர்வுக்கான டேட்டாச் செலவை நாங்கள் கொடுத்தோம். அது செலவை ஈடுகட்டும் தொகைதான், ஆய்வில் சேர்ப்பதற்கான ஆசைகாட்டல் இல்லை என்று நெறிமுறைக் குழுவிடம் கணக்கோடு விளக்க வேண்டியிருந்தது. தவறும் அமர்வை எத்தனை நாளுக்குள் வேறு நேரத்துக்கு மாற்றலாம் என்பதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். வாங்காவிட்டால் பாசிக்குப் போன தாய் ஏட்டில் "விலகியவர்" ஆகிவிடுவார்.

கீழக்கரையில் கணக்கு வேறு. வாப்பா வளைகுடா நாட்டில், உம்மா வீட்டில். ஆபத்து மிகக் குறைந்த ஆய்வுக்குப் பெற்றோரில் ஒருவரின் ஒப்புதல் போதும் என்பது விதி. ஆனால் தன் பிள்ளையின் வீடியோ எங்கே போகிறது என்று தூரத்தில் இருக்கும் தகப்பன் கேட்காமல் இருப்பாரா? சவூதியில் விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் அவர்களையும் அழைப்பில் சேர்த்துப் படிவத்தைப் படித்துக் காட்டினோம். பயிற்சிக்கு ஒப்புதல் தனி, பதிவு செய்ய ஒப்புதல் தனி. பதிவு வேண்டாம் என்ற குடும்பங்களும் பயிற்சியில் தொடர்ந்தன.

இந்தப் பகுதியில் அச்சத்துக்குக் காரணமும் உண்டு. பக்கத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதை நினைவில் வைத்திருந்த ஒரு பாட்டி, "பிள்ளையை எங்கேயாவது கொண்டுபோய் விடுவீர்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிள்ளை இந்த வீட்டைவிட்டு எங்கும் போகாது, நாங்கள் வருவதே போன் வழியாகத்தான் என்று அவருக்கு விளங்கும் வரை படிவத்தைக் கையில் எடுக்கவில்லை. குணம் வேண்டி ஏர்வாடி தர்காவுக்குப் போவதை நிறுத்துங்கள் என்று எந்தக் குடும்பத்திடமும் சொல்லவில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் ஒரு பழக்கத்தை விடவே கூடாது. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் "இப்போது எந்த வீட்டில் இருக்கிறீர்கள், கூட யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். குழந்தைக்கு வலிப்பு வந்தால் 108க்குச் சொல்ல விலாசம் வேண்டும். தாய் அன்று தன் அம்மா வீட்டில் இருந்தால் ஏட்டில் இருக்கும் விலாசத்தால் பயனில்லை.

வீடியோவில் முடியாத வேலையும் இருக்கிறது. ஆட்டிசத்துக்கான ஊனச் சான்றிதழ் வேண்டுமென்றால் குழந்தையை நேரில்தான் பார்க்க வேண்டும். அதற்கான ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள். மதிப்பெண் 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று கொள்வார்கள். ஆய்வில் சேர்ந்தால் சான்றிதழ் கிடைத்துவிடும் என்று நம்பி வந்தவர்களிடம் கிடைக்காது என்று முதல் நாளே சொன்னோம். சிலர் வருத்தத்தோடு எழுந்து போனார்கள். பயிற்சி முடித்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கத் தாள் கொடுத்தோம்: பிள்ளை எப்போது நடந்தது, எந்தச் சொற்களைச் சொல்கிறது, எதைக் கண்டால் பயப்படுகிறது, எப்படி ஆறுகிறது, எல்லாம் தமிழில். அந்தத் தாளோடு சான்றிதழ் முகாமுக்குப் போன தாய்மார்கள், டாக்டர் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொல்ல முடிந்தது என்று வந்து சொன்னார்கள்.