ஆறு மணி ஓசை

அயர்லாந்தின் பொதுத்துறைத் தொலைக்காட்சியில் மாலை ஆறு மணிச் செய்திக்கு முன்னால் இன்றும் ஆலய மணி ஒலிக்கிறது. அந்நாட்டுப் பொதுவாழ்வில் கத்தோலிக்கத் திருச்சபை இழந்த இடத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்த ஓசைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு திருச்சபைக்குத் தனிச்சிறப்பான நிலை உண்டு என்று எழுத்திலேயே ஏற்றிருந்தது. 1972இல் மக்கள் வாக்களித்து அதை நீக்கினார்கள். ஆனால் 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் திருப்பலி நிறைவேற்றியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். சட்டத்தில் ஒரு பிரிவு போனதால் மட்டும் நம்பிக்கை போய்விடவில்லை.

அதைக் குலைத்தது, என் கணிப்பில், நாத்திகப் பிரசாரம் அன்று (அதுவே காரணம் என்றுதான் நாம் எண்ணிக்கொள்வோம்). துறவற சபைகள் நடத்திய விடுதிகளில் பிள்ளைகள் பல்லாண்டுகள் பட்ட கொடுமைகளை 2009இல் வெளியான ரயன் விசாரணை அறிக்கை பக்கம் பக்கமாக விவரித்ததும், அதைக் காட்டிலும் அவற்றை மூடிமறைத்த மேலிடத்தின் மௌனமுமே ஆகும். 1995இல் மணமுறிவு உரிமை மயிரிழையில் நிறைவேறிய நாட்டில், 2018இல் கருக்கலைப்புத் தடையை நீக்குவதற்கு, வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இசைந்தார்கள். அதே ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அதே பூங்காவில் நிறைவேற்றிய திருப்பலிக்குப் பழைய கூட்டத்தின் சிறு பகுதியே வந்தது.

ஆயினும் 2022 கணக்கெடுப்பில் 69 விழுக்காட்டினர் தம்மைக் கத்தோலிக்கர் என்றே பதிந்தார்கள். தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை இன்னும் திருச்சபையின் பொறுப்பிலேயே இருக்கின்றன.