கீழக்கரை வெயிலை ரெண்டருக்குள் கொண்டுவந்த கதை

கீழக்கரையில் கடல் பார்க்கக் கட்டப்போகும் ஒரு வீட்டுக்கு ரெண்டர் (கட்டும் முன்பே வீடு எப்படித் தெரியும் என்று கம்ப்யூட்டரில் உருவாக்கும் படம்) செய்து தரும் வேலை. வீட்டுக்காரர் துபாயில்; பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில். மாதிரிக்கு ஒரு படம் அனுப்பினேன். "வீடு நல்லாருக்கு தம்பி, ஆனா வெயிலு நம்மூரு வெயிலா தெரியலயே" என்றார். "அடுத்த படத்துல பாருங்க காக்கா" என்றேன். (காக்கா என்றால் இங்கே அண்ணன்.)

மாதிரிப் படத்தில் இருந்தது ஏதோ குளிர்நாட்டு வானத்தின் எச்டிஆர்ஐ, அதாவது காட்சிக்கு வெளிச்சம் தரும் வானப் புகைப்படம். அதை எடுத்துவிட்டு, பிளெண்டர் 4.2 என்ற 3டி மென்பொருளில் உள்ள நிஷிதா ஸ்கை டெக்ஸ்சரையும் (கணக்கிட்டு உருவாக்கும் வானம்), ஊரும் நேரமும் கொடுத்தால் சூரியனை அதன் இடத்தில் வைக்கும் சன் பொசிஷன் ஆட்-ஆனையும் சேர்த்துக்கொண்டேன். அட்சரேகை 9.2, தீர்க்கரேகை 78.8, நேர மண்டலம் யூடிசி +5.5 மணி. இதைக் கொடுத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே, கடல் பக்கம் விழுகிறது. டிசம்பரில் தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 57 டிகிரி உயரத்தில் நிற்கும். யூடியூப் பாடங்களில் வருகிற 'சூரியன் எப்போதும் தெற்கே' என்ற கணக்கு இங்கே செல்லாது.

நிஷிதா வானம் கண் கூசுகிற வெளிச்சம். எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்சம்) நாலு ஸ்டாப் போல, அதாவது நாலு முறை பாதி பாதியாகக் குறைத்த பிறகுதான் சுவர் தெரிந்தது. நிழல் மென்மையாக இருக்கட்டும் என்று சிலர் சூரியனின் அளவை நாலைந்து டிகிரிக்கு ஏற்றுவார்கள். நான் அரை டிகிரியிலேயே விட்டேன். உச்சி வெயிலில் நம் ஊர் நிழலுக்குக் கத்தி முனை.

அப்புறம் மணல். உண்மையான வேலை இதில்தான். வீட்டைச் சுற்றி வெறும் சாம்பல் தரை இருந்தவரை வராந்தாவின் உட்கூரை இருண்டே கிடந்தது. விரிவாக மணல் தரை போட்டு அதன் நிறத்தை 0.4 அளவில் (விழும் வெளிச்சத்தில் 40 சதவீதம் திரும்புகிற மாதிரி) வைத்ததும், கீழிருந்து இளமஞ்சள் வெளிச்சம் கூரைக்கு ஏறியது. டிஃப்யூஸ் பவுன்ஸை, அதாவது வெளிச்சம் பரப்புகளில் பட்டுத் திரும்பும் தடவைகளை, 4இலிருந்து 8 ஆக்கினேன். உள்ளறை வரை அந்த வெளிச்சம் போயிற்று. வெள்ளைச் சுவரை 1.0 வைக்கக் கூடாது, 0.8 போதும். இல்லையென்றால் வெளிச்சம் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி எல்லாம் வெளுத்துவிடும். கலருக்கு பிளெண்டரின் ஏஜிஎக்ஸ் என்ற நிற அமைப்பு; ஸ்டாண்டர்ட் என்ற அமைப்பில் வெயில் படும் சுவர் வெறும் வெள்ளைத் தாளாகிறது.

இரவுக் காட்சியில் அதிகம் மெனக்கெடவில்லை. ஹாலில் டியூப் லைட் 6500 கெல்வின் (வெள்ளை வெளிச்சம்), திண்ணையில் 2700 (மஞ்சள் வெளிச்சம்). அவ்வளவுதான்.

டிசம்பர் வெயிலில் செய்த படத்தைப் பார்த்த வீட்டுக்காரர் முதலில் கேட்டது ஜன்னலைப் பற்றி: "கீழ மட்டும் வெயில் அடிக்குதே?" 57 டிகிரி வெயிலில் 2 அடி சன்ஷேடு 3 அடிக்குத்தான் நிழல் தரும், ஜன்னல் 4 அடி. இன்ஜினியரிடம் அந்தப் படத்தையே அனுப்பினோம். தெற்குப் பக்க சன்ஷேடை அவர் இரண்டரை அடியாக்கி வரைபடத்தைத் திருத்திவிட்டார்.