இன்றைய தேதியை எழுதாத நாட்கள்

ஜூலை 17, 2025, வியாழன்

மூன்றாம் பெஞ்சில் ஜன்னலோர இடம் காலி. நேற்றும் காலி. ரெஜிஸ்டரில் ஆப்சென்ட் போடக் கை வரவில்லை. நேற்றைக்கும் சேர்த்துப் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தேன். காய்ச்சல் என்று அவள் அம்மா மெசேஜ் போட்டிருக்கிறார்.

பலகையில் 'இன்றைய குறள்' என்று எழுதும்போது பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. திரும்பினால் எல்லாத் தலையும் நோட்டுக்குள்.

ஜூலை 18, வெள்ளி

சிரிப்பு எதற்கென்று தெரிந்துவிட்டது.

கணக்கு மிஸ் தன் மகனுக்கு வந்ததைக் காட்டினார். ஒன்பது விநாடி. 15ஆம் தேதி, கல்வி வளர்ச்சி நாள் பிரேயர். மைக் முன்னால் அவள். "இன்றைய... இன்றைய... இன்..." அந்தச் சொல்லையே வெட்டி ஒட்டி, அடியில் குத்துப்பாட்டு மேளம் போட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு ஸ்டிக்கர். பாதி திறந்த வாயோடு அவள் முகம். வெட்டும்போது இடது ரிப்பனைப் பாதியில் அறுத்துவிட்டிருக்கிறார்கள். பச்சை ரிப்பன். ஏனோ நாள் முழுக்க அந்த அறுந்த ரிப்பன்தான் கண்ணில் நின்றது.

பேசச் சொன்னது நான். "எனக்கு முதல் வார்த்தை சிக்கும் மிஸ்" என்று சொன்னாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போ" என்றேன்.

ஜூலை 19, சனி

தூக்கம் இல்லை.

ஜூலை 21, திங்கள்

பிரின்சிபால் அறையில் ஒரு மணி நேரம். பள்ளிக்குள் போன் தடை, அதனால் இது வெளியே நடந்தது, நம் பொறுப்பில் வராது என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. எடுத்தது யார் என்று கேட்டேன். எடுத்தது பள்ளிதான். போட்டது பள்ளியின் பேஸ்புக் பக்கம். பிள்ளைகள் அங்கிருந்துதான் வெட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஆபீஸ் சாரைக் கூப்பிட்டு, அங்கேயே வீடியோவை அழித்தார்கள். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

வாட்ஸாப்பில் எல்லோருக்கும் சேர்த்து அழிக்க இரண்டரை நாள்தான் கெடு. செவ்வாய் சாயங்காலம் போட்டது, நான் பார்க்கும் முன்பே வெள்ளி விடிகாலையோடு கெடு போயிற்று.  ஒவ்வொருவர் கேலரியிலும் இறங்கிவிட்டதை யார் போய் அழிப்பது?

முடிவு இது: ஸ்டிக்கர் செய்த பத்தாம் வகுப்புப் பையன் ஒரு வாரம் சஸ்பெண்ட். எல்லாப் பெற்றோருக்கும் சர்க்குலர். அவளுக்கு இரண்டு வாரம் லீவு, வேண்டுமானால் 'சி' பிரிவுக்கு மாற்றம். "அவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றார் பிரின்சிபால். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அவள் எதற்கு மாற வேண்டும்? அவள் எதற்கு வீட்டில் இருக்க வேண்டும்? ஜன்னலோரம் அவளுடைய இடம். வெயில் அடிக்கிறது என்று மற்றவர்கள் விட்டுவிட்டுப் போன இடம், அவள் கேட்டு வாங்கி உட்கார்ந்தது.

2021ல் அரசு போட்ட வழிகாட்டுதல்படி ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். எங்கள் பள்ளியிலும் இருக்கிறது. உறுப்பினர் பட்டியல் ஆபீஸ் வாசலில் ஒட்டியிருக்கிறது. அதில் நான்காவது பெயர் என்னுடையது. அந்தக் குழு ஒருநாள்கூட உட்கார்ந்து பேசியதில்லை. நானும் இதுவரை கேட்டதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வெளியே வரவில்லை. உள்ளறையில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும். வாசலில் ஸ்கூல் ஷூவைக் கழுவி, உள்ளே பேப்பர் திணித்துக் காய வைத்திருந்தது.

"போனைப் பிடுங்கி பீரோவுல வெச்சிப் பூட்டிட்டேன் மிஸ்" என்றார் அவள் அம்மா. அவமானப்பட்டது அவள், போன் போனதும் அவளுக்குத்தான். இனி ஒரு சிநேகிதியோடு பேசவும் வழியில்லை. இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 23, புதன்

பலகையில் வெறும் தேதி மட்டும். 'இன்றைய' எழுதுவதில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வகுப்பில் பாதிப் பேர் இல்லை.

அண்ணனின் நண்பர் வக்கீல், அவரிடம் கேட்டேன். ஐ.டி. சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது, பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2015ல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது, அது சரியான தீர்ப்புதான் என்றார். ஆபாசப் படம் என்றால் 67, குழந்தையை ஆபாசமாகக் காட்டினால் 67பி, போக்சோ. ஒரு பிள்ளை திக்குவதை மேளம் போட்டுச் சிரித்தால்? "தேடித்தான் பிடிக்கணும்மா" என்றார். போலீஸுக்குப் போக எனக்கும் மனமில்லை. அந்தப் பையனுக்கு வயது 15. சட்டப்படி அவனும் குழந்தை. எனக்கும் அவன் குழந்தைதான், போன வருஷம் என்னிடம் படித்தவன்.

ராத்திரி பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417க்குப் பேசினேன். எதிர்முனையில் இருந்த பெண் நான் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளை என்ன வேணும்னு சொல்றா மேடம்?"

என்னிடம் பதில் இல்லை. ஒன்பது நாளாக அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

ஜூலை 26, சனி

பள்ளியில் கேலி, சீண்டலைத் தடுக்கப் பின்லாந்தில் கிவா என்றொரு திட்டம். துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. செய்தவனைக் கண்டிப்பதோடு நிற்பதில்லை, சுற்றி நின்று பார்க்கும் பிள்ளைகளிடம்தான் அதிகம் வேலை செய்கிறார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாக, வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த இரண்டு மூன்று பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி அனுப்புகிறார்கள். படிக்கப் படிக்க என் வகுப்பு முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பையனைத் தண்டித்தாயிற்று, சரி. பார்த்துச் சிரித்தவர்களுக்கு நாங்கள் என்ன செய்தோம்? ஒரு சர்க்குலர்.

ஜூலை 28, திங்கள்

புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னேன். யார் அனுப்பியது என்று கேட்கவில்லை. யாருக்கெல்லாம் வந்தது என்று கேட்டேன். முதலில் நாலைந்து கை, அப்புறம் மளமளவென்று. எண்ணினேன், 41. அவளுக்கு ஒரு மெசேஜாவது போட்டது யார் என்று கேட்டேன். ஒரு கை பாதி எழுந்து இறங்கிவிட்டது.

கடைசி பெஞ்ச் பையன் எழுந்தான். "நான் சிரிப்பு பொம்மை போட்டேன் மிஸ். போடலைன்னா அடுத்த ஸ்டிக்கர் நாந்தான்." சொல்லிவிட்டு உட்காரவும் தெரியாமல் நின்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 14 வயதில் இப்படி ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பயம் அந்த ஒரு இடத்தில் மட்டும் இல்லை, எல்லா பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் இரண்டு பெண் பிள்ளைகளிடம் நோட்டுகளைக் கொடுத்து அவள் வீட்டுக்கு அனுப்பினேன். ஆறுதல் எதுவும் சொல்ல வேண்டாம், விட்டுப்போன பாடத்தை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

எட்டு மணி வரைக்கும் அவள் வீட்டில் இருந்தார்களாம். இடியாப்பம் சாப்பிட்டார்களாம்!

ஜூலை 30, புதன்

இன்று நானே போனேன். ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாள். "பள்ளிக்கூடம் என்னம்மா செய்யணும், நீ சொல்லு" என்றேன்.

வெகுநேரம் ரிப்பன் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே பேசவில்லை. முதல் சொல் சிக்கியது, அப்புறம் வந்தது. "எதுக்கு மிஸ் அழிச்சீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"ஸ்கூல் பேஜ்ல இருந்த வீடியோ. அதுல நான் முழுசாப் பேசியிருந்தேன்ல. இப்ப அது எங்கயுமே இல்ல. நான் சிக்கினது மட்டும்தான் எல்லார்ட்டயும் இருக்கு."

வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் அவர்கள் தெருவிலேயே இரண்டு முறை நடந்தேன். உதவி என்று நினைத்துச் செய்ததும் அவளைக் கேட்காமல் செய்ததுதான்.

ஜூலை 31, வியாழன்

பி.இ.டி. சார் போனில்தான் எடுத்ததாம். தேடிப் பார்க்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கிடைத்துவிட்டது. நான்கு நிமிடம் பத்து விநாடி.

சிக்குகிறாள். கண்ணை மூடுகிறாள். மைக் கம்பியை இடது கையால் பிடிக்கிறாள். "இன்றைய தினம்" என்று வந்துவிடுகிறது. அதன் பிறகு நிற்கவே இல்லை. காமராசர், எட்டயபுரம், மதிய உணவு, பசியோடு வந்த பிள்ளைகள் எல்லாம் சொல்கிறாள். கடைசி வரி நான் எழுதிக் கொடுத்தது இல்லை, அவளாகச் சேர்த்தது: "என் பாட்டி அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் பள்ளிக்குப் போனார்." நல்ல கைதட்டல். இதை நான் அன்றைக்குக் கேட்டேனா? நினைவில்லை.

மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறைதான் ஓரத்தைப் பார்த்தேன். வலப்பக்கம் ஆசிரியர்கள் வரிசை. அவள் சிக்கி நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் என் காதில் ஏதோ சொல்கிறார்.

நான் சிரிக்கிறேன்.

நிறுத்திப் பார்த்தேன். பல் தெரிகிறது. அவர் என்ன சொன்னார் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எங்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ரெஜிஸ்டரில் பென்சில் புள்ளி பதினான்கு. பென் டிரைவ் கைப்பையில் இருக்கிறது. வீடியோவைப் போடும் முன்னால் அந்த வலது ஓரத்தை நானே அவளுக்குக் காட்ட வேண்டும். நாலரை மணிக்குப் போகிறேன்.