‘வேண்டாமா?’ என்று கேட்கக் கற்றுக்கொடுப்பது

“என்ன நாம் யமுனையைக் காப்பாற்றக் கூடாதா?”

தில்லியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு எழுதிவரும் தாள்களில் இந்த மாதிரி ஒரு வரி கட்டாயம் இருக்கும். வரியின் தொடக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ‘என்ன’ நம்முடையது அல்ல, இந்தி ‘க்யா’. தமிழில் அந்த வேலையைக் கடைசியில் ஒட்டும் ஆகாரமே செய்துவிடும். ‘கூடாதா’ வந்த பிறகு ‘என்ன’வுக்கு அங்கே சோலி இல்லை. ஆனால் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டால், ‘என்ன’வும் ஆகாரமும் தமிழில் சேர்ந்தே வராது என்று பிள்ளை முடிவுகட்டிக்கொள்ளும். வரும். “நாம் என்ன கல்லா?”, “ஒரு வார்த்தை கேட்டால் என்ன, குறைந்தா போய்விடும்?” இரண்டும் வீட்டில் பாட்டி பேசுகிற தமிழ். ‘என்ன’ எங்கே நிற்கிறது என்பதில்தான் விஷயம். பேச்சுக்கு இந்த இரண்டு வடிவமும் பொன் மாதிரி. அவற்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்றதை அடிக்கலாம்.

‘பதில் எதிர்பார்க்காத கேள்வி’ என்றுதான் பேச்சில் வரும் இந்த மாதிரிக் கேள்வியை வழக்கமாக விளக்குகிறோம். அது பாதிதான் சரி. பதிலை எதிர்பார்க்கிறோம். வாய்விட்டு வர வேண்டாம், கேட்பவர் மனசுக்குள் வந்தால் போதும், அதுவும் நாம் நினைத்த பதிலாகவே வர வேண்டும். ஆகவே கேள்வியை முதலில் எழுதக் கூடாது. பதிலை எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கேள்விக்கு வர வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதியில் பாதி தானாக வரும்.

இலக்கண வகுப்பில் அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்று ஆறையும் ஒப்பித்த பிள்ளை, “அப்போ இது எந்த வினா?” என்று கேட்கும். நல்ல கேள்வி. அறிவினாவுக்குப் பக்கத்தில் வரும், ஆனால் அதுவே அல்ல. அறிவினாவில் கேள்வி கேட்பவருக்கு விடை தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று சோதிக்கிறார். இங்கே இரண்டு பேருக்குமே தெரியும். உண்மையில் இதற்கான இடம் நன்னூலின் இடையியலில் இருக்கிறது: ஓகாரத்துக்குச் சொன்ன எட்டுப் பொருள்களில் ‘எதிர்மறை’ ஒன்று. “நானோ எடுத்தேன்?” என்றால் எடுக்கவில்லை என்று பொருள். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் சொல்வதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் வேறு விளக்கமே வேண்டாம்: “யானோ அரசன் யானே கள்வன்”. ஓகாரம் மறுக்கிறது, ஏகாரம் அடித்துச் சொல்கிறது. கேள்வியும் பதிலும் நாலே சொல்லில். இரண்டாம் பாதி இல்லாவிட்டால் முதல் பாதி வெறும் புலம்பலாகப் போயிருக்கும்; இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி பயிற்சி. 40 நிமிடப் பீரியடில் முதல் 15 நிமிடம் வாக்கியத்தைக் கேள்வியாகப் புரட்டிப் போடும் பயிற்சிக்கு. எட்டு வாக்கியங்கள் போதும், நாலு உடன்பாடு, நாலு மறை. விதி ஒன்றுதான்: மனசில் ‘இல்லை’ வர வேண்டுமானால் கேள்வி உடன்பாட்டில் இருக்க வேண்டும், ‘ஆமாம்’ வர வேண்டுமானால் மறையில் இருக்க வேண்டும். “தூய காற்று நமக்கு வேண்டும்” என்பது “வேண்டாமா?” ஆகும். “ஆற்றில் குப்பை கொட்ட நமக்கு உரிமை இல்லை” என்பது “உரிமை உண்டா?” ஆகும். பிள்ளைகள் சறுக்குவது இந்த இரண்டாவதில். ‘இல்லை’யைப் பார்த்ததும் கூடவே ஓர் ஆகாரத்தை ஒட்டி “உரிமை இல்லையா?” என்று எழுதிவிடுவார்கள். யமுனைக்காகப் பேச வந்தவர் குப்பை கொட்டுபவருக்கு வக்கீலாகிவிடுவார். எட்டில் குறைந்தது இரண்டு இப்படித் தடம்புரளும், அதனால் அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது ஆகாரத்தை நகர்த்துவது. தமிழுக்கு உள்ள பெரிய வசதி இது, இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. “நாம் நுரையை ஆற்றில் கலந்தோம்” என்ற ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “நாமா கலந்தோம்?” என்றால் வேறு யாரோ. “நுரையையா கலந்தோம்?” என்றால் கலந்தது சோப்புத்தூள், நுரை அதன் விளைவு. “ஆற்றிலா கலந்தோம்?” என்றால் சாக்கடையில்தான் விட்டோம், அது ஆற்றுக்குப் போனது. மூன்று கேள்விக்கும் மூன்று வேறு பேச்சு பிறக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் யமுனையில் காளிந்தி குஞ்ச் பக்கம் நுரை வெள்ளை வெள்ளையாக மிதப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு, எந்தச் சொல்லில் ஆகாரம் ஏறுகிறதோ அதுதான் வாதம் என்பது சட்டென்று பிடிபடும். ‘தான்’ பற்றியும் இங்கேயே ஒரு வரி: “யார் கேட்பார்கள்?” என்றால் யாராவது கை தூக்கலாம். “யார்தான் கேட்பார்கள்?” என்றால் யாரும் தூக்க மாட்டார்கள்.

பிறகு சீட்டுச் சோதனை. எழுதிய கேள்வியைப் பத்துப் பேரிடம் வாசிக்க வேண்டும். மனசில் வந்த பதிலை ஒரே சொல்லில் அவர்கள் சீட்டில் எழுத வேண்டும், பேசக் கூடாது. பத்தும் ஒன்றாக இருந்தால் கேள்வி மேடைக்குப் போகலாம். ஒன்று மாறினால் சொல்லைத் திருத்திப் பார்க்கலாம். இரண்டு மாறினால் அது இன்னும் நிஜக் கேள்விதான். “தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கலாமா?” என்பதை வகுப்பில் வாசித்துப் பாருங்கள், சரிபாதி ‘ஆமாம்’ வரும். தீபாவளி என்றால் பட்டாசு என்று வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள் வேறென்ன எழுதுவார்கள்? அதையே குறுக்கி, “மூச்சிரைப்புக்காரப் பாட்டியின் ஜன்னலுக்குக் கீழே ஆயிரம் வாலாவைக் கொளுத்தலாமா?” என்று கேட்டால் சீட்டுகள் ஒரே பக்கம் சாயும். கேள்வி பெரிதாக இருக்கும்போது ஒவ்வொருவரும் தம் அனுபவத்தை அதில் போட்டுக்கொள்கிறார்கள். படம் ஒன்றே ஒன்றாக இருந்தால் பதிலும் ஒன்றாகிறது.

இந்தச் சோதனையை ஒரே வகுப்புக்குள் முடித்துவிடுவதில் ஒரு கோளாறு உண்டு. ராமகிருஷ்ணபுரத்துத் தமிழ்ச் சங்க அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அல்ல. “வீட்டுப்பாடம் ஒரு சுமைதானே?” என்பதற்கு வகுப்பில் பத்துக்குப் பத்து கிடைக்கும், பெற்றோர் வரிசையில் பூஜ்யம். இரண்டு சீட்டையாவது வீட்டுப் பெரியவர்களிடம் எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள்.

கேள்வியை ஒட்டிவரும் வாக்கியம் கேள்வியைவிட முக்கியம். பாண்டியனின் இரண்டாம் பாதியை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரு பிள்ளையின் தாளில் இப்படி இருக்கும்: “யமுனை அழியலாமா? நாம் சும்மா இருக்கலாமா? வருங்காலம் நம்மை மன்னிக்குமா? சிந்திக்க வேண்டாமா?” நாலு கேள்வி, ஒரு செய்திகூட இல்லை. கேட்பவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நாலாவது வந்துவிடுகிறது. இப்படி மாற்றலாம்: “யமுனையின் நீளம் 1,376 கிலோமீட்டர். அதில் வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை தில்லிக்குள் ஓடுவது வெறும் 22 கிலோமீட்டர். இந்த 22 கிலோமீட்டரைக்கூடவா நம்மால் பார்த்துக்கொள்ள முடியாது?” எண் முன்னால், கேள்வி பின்னால். ‘கூடவா’ என்ற சொல்லுக்கு எடை வருவதே அந்த 1,376-ஆல்தான். காற்றைப் பற்றிய பேச்சென்றால் வரிசையைத் திருப்பலாம்: “இதையா மூச்சு என்கிறோம்?” என்று கேட்டுவிட்டு, காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினாலே ‘கடுமை’ என்று கணக்கு, அன்று காலை எவ்வளவு இருந்தது என்று சொல்லலாம். எந்தப் பக்கமாக இருந்தாலும் கேள்வியை ஒட்டி ஓர் உண்மை இருக்க வேண்டும்.

எத்தனை கேள்வி? மூன்று நிமிடப் பேச்சு, நிதானமாகப் பேசினால் ஏறத்தாழ 270 சொல். அதில் மூன்று கேள்விக்கு மேல் தாங்காது. அவை ஒரே பத்தியில் வரவும் கூடாது. ‘அல்லவா’, ‘இல்லையா’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டுவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அதைக் கேள்வி என்றே நினைப்பதில்லை. எண்ணிப் பார்த்தால் சில தாள்களில் பன்னிரண்டு தேறும். எடுத்த எடுப்பிலேயே “உங்களுக்குத் தெரியுமா?” வேண்டவே வேண்டாம். அது நிஜக் கேள்வி. தெரியும் என்பவர் சலிப்பார், தெரியாது என்பவர் கூசுவார்.

குரல் பற்றி. தமிழில் கேள்வி என்பது பெரும்பாலும் கடைசி அசையில்தான் தெரிகிறது. அதனால் எட்டுச் சொல்லுக்கு மேல் போகும் கேள்வியைக் காது தொலைத்துவிடும். ‘வா’, ‘மா’ வரும்போது பிள்ளைக்கு மூச்சும் தீர்ந்திருக்கும். தாளில் கேள்விக்கு முன்னால் ஒரு கோடு போட்டு அங்கே மூச்சு எடுக்கச் சொல்லுங்கள். கேள்விக்கு நடுவில் நிறுத்தம் கூடாது. நிஜக் கேள்வியில் குரல் மேலே போகும். இதில் ஒரு செய்தியைச் சொல்வதுபோல் கீழே இறங்க வேண்டும். முடிந்ததும் மனசுக்குள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி நிற்க வேண்டும். பதட்டத்தில் அந்த இரண்டு விநாடி பிள்ளைக்கு இரண்டு நிமிடமாகத் தெரியும். கேட்பவர் பதில் சொல்லிக்கொள்வது அந்த நேரத்தில்தான்.

எழுத்தில் இந்த நிறுத்தம் கிடையாது. கட்டுரையில் பத்திக்கு முடிவாகக் கேள்வியை வைத்தால் அடுத்த பத்திக்கு முன் உள்ள வெற்றிடம் அந்த வேலையைச் செய்யும். மாநகராட்சிக்கு எழுதும் விண்ணப்பக் கடிதத்தில் ஒன்றுகூட அதிகம்தான், “இது உங்கள் கடமை இல்லையா?” என்று படிக்கும் அதிகாரி கடமையை விட்டுவிட்டு மரியாதையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

திருத்தும்போது பிழையை வட்டமிடுவதைவிட, ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் எதிர்பார்க்கும் பதிலைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத கேள்வியைப் பிள்ளையே அடித்துவிடும். அத்தனையும் செய்த பிறகும் அரங்கில் ஒரு தாத்தா வாய்விட்டுப் பதில் சொல்லக்கூடும். அதற்கும் ஒரு வரி கைவசம் இருக்கட்டும்: ஒத்த பதிலென்றால் “அதையேதான் ஐயா சொல்ல வந்தேன்”, மாறான பதிலென்றால் “நானும் அப்படித்தான் நினைத்தேன் ஐயா, இந்தக் கணக்கைப் பார்க்கும் வரை” என்று சொல்லிவிட்டு, தாளில் அடுத்து இருக்கும் எண்ணுக்குப் போய்விட வேண்டும்.