கீரிமலைத் தீர்த்தக் கரையில் கடல் கடந்து வந்தவர்கள்

தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியில் நீராடி, எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பிதிர்க்கடன் தீர்ப்பதும், தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமியில் விரதமிருப்பதும் யாழ்ப்பாணத்துச் சைவர்களின் நெடுநாள் வழக்கம். மாவிட்டபுரம் கந்தசுவாமியாரும் தமது மகோற்சவத் தீர்த்தத்துக்காக ஆடி அமாவாசையன்றே அங்கு எழுந்தருளுவதால், காங்கேசன்துறை வீதியில் விடியற்காலையிலேயே சனம் நிறைந்துவிடும். என் தந்தையாருக்காக இம்முறையும் சென்றிருந்தேன்.

கேணிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மதிலே உண்டு. அப்பால் உப்பு அலை அடிக்க, இப்பால் சுண்ணாம்புப் பாறையூடாக ஊறி வரும் நன்னீர் குளிர்ந்து கிடக்கிறது. நகுல முனிவரின் கீரிமுகமும் மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமும் நீங்கியது இத்தீர்த்தத்தில்தான் என்பது தலபுராணம். இலங்கையின் தொன்மையான ஐந்து சிவத்தலங்களாகிய பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றான, இக்கரையிலுள்ள நகுலேஸ்வரம் 1990 இல் குண்டுவீச்சுக்கு இலக்காகி, வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின்னர், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குக்கூட இக்கரைக்கு வர முடியாமல் ஏங்கியவர்கள் பலர்.

இம்முறை கேணியின் மேற்படியில் வெளிநாட்டவர் சிலர் கமராக்களோடு நின்றனர். அழைத்து வந்த வழிகாட்டி கீழே நடப்பதை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். காசியில் மணிகர்ணிகைப் படித்துறைக்கு எதிரே படகில் இருந்து எரியும் சிதைகளைப் பார்ப்பதைப்போல, இறுதிக்கிரியைகளைக் காண்பதையும் அவற்றில் பங்குபற்றுவதையும் ஆன்மிகச் சுற்றுலாவின் ஓர் அங்கமாகக் கருதி வருவோர் இவ்வகையினர். அவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆயினும், இறந்தவருக்குச் செய்யும் அபரக்கிரியையில் பார்வையாளருக்கென்று ஓர் இடம் இல்லை. திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பதும், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பதும், வாய்க்கரிசி இடுவதும், குடம் சுமந்து கொள்ளி வைப்பதும், ஒவ்வொன்றும் இறந்தவருக்கு இன்ன உறவு என்பதால் ஒருவர்மேல் விழும் கடமை. அந்த உறவு இல்லாதவர் கையில் எள்ளைக் கொடுத்தால், அவர் யாருக்கு இறைப்பார்? (செத்தவீட்டை நேரலையாகக் கனடாவுக்கும் இலண்டனுக்கும் அனுப்பப் பிணத்தின் தலைமாட்டிலேயே கமராவை நிறுத்தும் நாங்கள், மேற்படியில் நின்றவர்களை மட்டும் கடிந்துகொள்வது எவ்வளவு நியாயம் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.)

அவர்களோடு சேராமல், தம்மைக் கூட்டி வந்த ஒருவரோடு நின்ற வெளிநாட்டு முதியவர் ஒருவர், காலமான தம் தகப்பனாருக்குத் தர்ப்பணம் செய்ய விரும்புவதாகச் சொல்லி, எங்கள் குருக்களின் முன் வந்து நின்றார். குருக்கள் அவரை நீராடி வரச் சொன்னார். ஈர வேட்டியோடு வந்து அமர்ந்தவரிடம் தகப்பனார், பாட்டனார், பூட்டனார் பெயர்களைக் கேட்டார். மூன்றையும் அவர் தயங்காமல் சொன்னார். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சொல்வதைப் போலச் சிவகோத்திரம் என்று சொல்லி, விரலில் தர்ப்பையால் முடிந்த பவித்திரத்தை அணிவித்தார். அந்த அந்நியப் பெயர்கள் குருக்களின் நாவில் இரண்டு தடவை இடறின. முதியவர் மெதுவாகத் திருத்திக் கொடுத்தார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் நீர் வழிய வேண்டும் என்பது அவருக்கு முதலில் பிடிபடவில்லை. விரல் நுனியால் ஊற்றினார். குருக்கள் அவர் கையைப் பிடித்துச் சரித்துவிட்டார். அதன் பின் எள் ஒழுங்காக இறங்கிற்று, சில மணிகள் மட்டும் அவருடைய மணிக்கட்டின் நரைத்த உரோமத்தில் ஒட்டிக்கொண்டன.

எனக்கு அதில் பிழை தெரியவில்லை. தமக்கென ஓர் இறப்பைச் சுமந்து வந்தவரைத் தீர்த்தக்கரை ஏற்றுக்கொண்டது. பிறர் வீட்டு இறப்பைக் காண வந்தவர்களுக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்கவில்லை. தோலின் நிறம் இந்த வேறுபாட்டுக்குள் வரவேயில்லை. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் வாழ்ந்த ஞானி யோகர் சுவாமிகளைத் தேடி வந்து சந்தசுவாமி என்று பெயர்பெற்ற, இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்த சோல்பரி பிரபுவின் மகனையும், செல்வச்சந்நிதி முருகன் கோயிலை அண்டி வாழ்ந்த ஜேர்மன் சுவாமியையும் எம்மவர் வேற்றாளாக எண்ணியதில்லை. அவர்கள் பார்த்துப் போக வந்தவர்களல்லர். இருந்து பழக வந்தவர்கள்.

நகுலேஸ்வரத்தில் மோட்ச அர்ச்சனை முடித்துத் திரும்பும்போது அந்த முதியவர் குருக்களிடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வரும் ஆண்டில் தம் ஊரில் இதைச் செய்யலாமா, கடல் இல்லாவிட்டால் குற்றமா என்பது அவருடைய கேள்வி.

"ஆறோ குளமோ எதெண்டாலும் பரவாயில்லை ஐயா. பேரைச் சொல்லி இறையுங்கோ. அண்டைக்கு மச்சம் மாமிசம் வேண்டாம்" என்று சொன்ன குருக்கள், கூட்டி வந்தவர் அதை மொழிபெயர்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "எங்கடை ஆக்கள் காத்தோட்டிக்காய் சமைப்பினம். அது உங்கடை பக்கம் கிடையாது, பாகற்காய் கிடைச்சால் காணும்" என்றார்.