ஏழரை அங்குல மேக்ஸுக்கு டயர் வாங்கிய கதை

மச்சான் தன் பழைய கோல்ஃப் 4-ஐ விற்கும்போது, அதில் போட்டிருந்த 17 அங்குல மேக்ஸ், அதாவது அலாய் சக்கரங்கள் நான்கையும் கழற்றி வைத்துக்கொண்டார். என் போலோ வீவோ காருக்கு என்று வீட்டு விலைக்குக் கொடுத்தார். ஐந்து போல்ட், போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் (பிசிடி) 100 மி.மீ., வீவோவுக்கும் அதே அளவுதான். அகலம் மட்டும் ஏழரை அங்குலம். டயர் என் பொறுப்பு. நான்கும் ஆறாயிரம் ரேண்டுக்குள் முடிய வேண்டும் என்று வீட்டில் பேச்சு.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எந்தப் பையனைக் கேட்டாலும் ஒரே பதில்: 185/35R17 போட்டு ஸ்ட்ரெச் பண்ணுங்கள், விலையும் குறைவு, பார்க்கவும் ஜோர். 185 என்பது மி.மீ.-இல் டயரின் அகலம், 35 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது, 17 ரிம்மின் அங்குலம். அந்த டயர் அதிகபட்சம் 7 அங்குல ரிம்முக்குத்தான். அதைவிட அகலமான ரிம்மில் ஏற்றினால் பக்கச்சுவர் சாய்ந்து இழுபட்டு நிற்கும். காற்று கொஞ்சம் இறங்கி ஒரு பள்ளத்தில் விழுந்தால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் சாலைகள் இருந்த நிலையைப் பார்த்தவன் நான். எனக்கு அந்த ஜோர் வேண்டாம்.

கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டேன். வண்டியோடு வந்தது 185/60R15. பக்கச்சுவர் 111 மி.மீ., மொத்த விட்டம் 603. ஸ்ட்ரெச் டயரின் விட்டம் 561தான் வரும். ஏழு சதவீதம் குறைவு, ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் கூட்டிக் காட்டும். 205/40R17 என்றால் 596. 215/40R17 என்றால் 604, அதாவது பழைய டயர் மாதிரியே. முதலாவதற்கு 7 முதல் 8 அங்குல ரிம், இரண்டாவதற்கு 7 முதல் 8.5 வரை. இரண்டும் என் மேக்ஸில் தாராளமாக உட்காரும். 195/40R17-உம் ஏழரை வரை அனுமதி உள்ளதுதான், ஆனால் அதன் சுமைக் குறியீடு 81, ஒரு டயருக்கு 462 கிலோ. என் பழைய டயர் 84, அதாவது 500 கிலோ. அதற்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அப்படியானால் விலை மலிவான 205 போதுமே? அதிலும் 84 என்றுதானே போட்டிருக்கிறது? பெரியம்மா மகன் டயர் மாட்டும் ஒரு ஃபிட்மெண்ட் சென்டரில் வேலை செய்கிறான். அவனும் இதையேதான் சொன்னான்: "அண்ணா, 84-க்கு 84 சரியாப் போச்சு, இன்னும் என்ன யோசனை?" இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. புதிய டயரில் 84-க்குப் பக்கத்தில் எக்ஸ்எல், அதாவது கூடுதல் சுமை வகை என்று இருக்கும். சாதாரண டயர் 2.5 பார் காற்றில் தன் முழுச் சுமையைத் தாங்கும். எக்ஸ்எல் டயருக்கு 2.9 பார் வேண்டும். நான் வழக்கமாக வைக்கும் 2.2 பாரையே அதிலும் வைத்தால், பழைய டயர் தாங்கிய அளவு அது தாங்காது. 205-இல் அதே சுமைக்குச் சுமார் 2.55 பார் வைக்க வேண்டிவரும். 215-இன் குறியீடு 87, 545 கிலோ, அதற்கு 2.3 பார் போதும். 205-இன் பக்கச்சுவர் ஏற்கெனவே 82 மி.மீ.தான், அதிலும் காற்றை ஏற்றி இறுக்கிவிட்டால் மாமியை வைத்து ஜோஹானஸ்பர்க் வரை ஓட்டுவது யார்? வழியில் வான் ரீனன் கணவாய் ஏறும் முன்பே முதுகுவலி புராணம் தொடங்கிவிடும்.

215 கிடைப்பது கொஞ்சம் அரிது, விலையும் சற்றுக் கூடுதல். 2023-இல் சீன டயர்களுக்குக் கூடுதல் இறக்குமதி வரி வந்த பிறகு மலிவு டயரும் முன்புபோல் மலிவில்லை. பிராண்ட் பெயரை விட்டுவிட்டுப் பக்கச்சுவரைப் படித்தேன்: வட்டத்துக்குள் E என்ற ஒப்புதல் குறி இருக்க வேண்டும், டிராக்‌ஷன் ஏ-வுக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் அது ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் அளவு, தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். ட்ரெட்வேர் எண் பெரிதாக இருப்பதைக் கடைக்காரர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். சீக்கிரம் தேயாது என்பதுதான் அதன் பொருள். மழையில் பிடிக்கும் என்று பொருளில்லை.

ஒரு கடையில் பழைய டயர் பாதி விலைக்குக் காட்டினார்கள். பட்டையின் பள்ளம் ஆழமாகத்தான் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தால் பள்ளத்தின் ஓரம் கத்தி வெட்டுப்போல் கூராக, தேய்மானக் குறி இருக்க வேண்டிய இடமே வெட்டுப்பட்டிருந்தது. தேய்ந்த டயரில் மறுபடி பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

கடைசியில் நடுத்தர விலையில் ஒரு 215/40R17 செட், பட்ஜெட்டுக்கு லேசாக மேலே.

மாட்டும்போது ஃபிட்மெண்ட் சென்டர் தம்பிக்கு இரண்டு விஷயம் சொல்லிவைத்தேன். மேக்ஸின் நடுத்துளை 73.1 மி.மீ., வீவோ ஹப் 57.1, அந்த இடைவெளியை நிரப்பும் ஸ்பிகாட் ரிங் இல்லாமல் மாட்டக் கூடாது. அடுத்து போல்ட். வண்டியோடு வந்த போல்ட்டின் அடி, அதாவது ரிம்மில் உட்காரும் பகுதி, உருண்டையானது, இந்த மேக்ஸுக்குக் கூம்பு வடிவ அடி வேண்டும். மாற்றிப் போட்டால் இறுக்கியதுபோல் தெரியும், ஓட ஓடத் தளர்ந்துவிடும். 120 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, கொஞ்சம் ஓடிய பிறகு மறுபடியும் சரிபார்த்தோம். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து ஸ்பீட் பம்ப் மேல் ஏற்றிப் பார்த்ததில் எங்கும் உரசவில்லை. இன்ஷூரன்ஸுக்கும் மாற்றத்தை எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

ஸ்பேர் இன்னும் பழைய 15 அங்குலம்தான். விட்டம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் அவசரத்துக்கு மாட்டலாம், ஆனால் அதற்கு உருண்டை அடிப் போல்ட்தான் பொருந்தும். பழைய ஐந்தை ஒரு பையில் கட்டி ஸ்பேர் ரிம்முக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன்.